பாலம் கட்டியவனுக்கு யார் பரிசு தருவது?

நம்முடைய கதைகளில் இஞ்சினீயர்களுக்குப் பஞ்சமில்லை. பெண் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் இஞ்சினீயர்கள்தான். நல்ல சம்பளம், ஜீப், சர்க்கார் பங்களா எல்லாம் அவர்களுக்கு உண்டு. வேலை மட்டும் கிடையாது. 'அணைக்கட்டில் உத்தியோகம்' என்று ஆசிரியர் ஒரு வரி எழுதிவிட்டுக் கல்யாணப் பேச்சுக்குப் போய்விடுவார். அந்த அணை கசிந்ததா, நின்றதா என்பது கதை முடிகிற வரையில் நமக்குத் தெரிவதில்லை.

இதைக் குறையாகச் சொன்னால், "உத்தியோகத்தில் என்ன ஸார் கதை இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது. ஒரு மனிதன் யார் மெச்ச வேண்டும் என்று உழைக்கிறான் என்பதைவிடப் பெரிய விஷயம் நாவலுக்கு என்ன வேண்டும்? அதிலும் இஞ்சினீயருக்குக் கிடைக்கிற புகழ் மிகவும் விசித்திரமானது. பாடகன் பாடி முடித்ததும் சபை கைதட்டுகிறது. எழுதுகிறவனுக்கு, திட்டியாவது, நாலு கடிதம் வருகிறது. பாலத்தின் மேல் ரயில் போகும்போது உள்ளே இருக்கிறவன் தூங்கிக்கொண்டிருக்கிறான். அவன் அப்படிக் கவலையில்லாமல் தூங்குவதுதான் பாலம் கட்டியவனுக்குக் கிடைக்கிற கைதட்டல். பாலம் விழுந்தால்தான், கட்டியவன் பெயர் என்ன என்று ஊர் விசாரிக்கிறது.

இந்த விசித்திரத்தை அறிந்து எழுதியவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவர் ருட்யார்ட் கிப்ளிங். மற்றவர் நெவில் ஷூட்.

கிப்ளிங்கை நம்மவர்களுக்குப் பிடிக்காது. பிடிக்காததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. வெள்ளைக்கார ஆட்சியின் புலவர் அவர். ஆனாலும் 1893-ல் வெளிவந்து, 1898-ல் 'தி டேஸ் ஒர்க்' என்ற தொகுதியில் சேர்ந்த 'பாலம் கட்டுகிறவர்கள்' என்ற அவருடைய கதையைப் படிக்காமல் ஒதுக்குவது நமக்கே நஷ்டம் என்று நினைக்கிறேன்.

காசியில் கங்கைக்குக் குறுக்கே ரயில் பாலம் ஒன்று எழும்புகிறது. மராமத்து இலாகாவைச் சேர்ந்த ஃபிண்ட்லேஸன் மூன்று வருஷமாக அதைக் கட்டிக்கொண்டிருக்கிறான். கதை ஆரம்பிப்பதே அவன் எதிர்பார்க்கிற பட்டத்தைப் பற்றித்தான். ஸி.ஐ.இ. கட்டாயம் கிடைக்கும், ஸி.எஸ்.ஐ. கிடைத்தால் நல்லது என்று அவனுக்கு ஆசை. இன்னும் மூன்று மாதத்தில் வைஸ்ராய் வந்து பாலத்தைத் திறப்பார், பாதிரியார் ஆசீர்வதிப்பார், பிரசங்கங்கள் நடக்கும். இத்தனையும் ஆரம்பத்திலேயே வந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு கதை முழுவதும் பட்டம் வரவில்லை, வைஸ்ராய் வரவில்லை, ஒரு பிரசங்கமும் இல்லை. வாசகருக்கு விழா நடக்கும் என்று ஆசை காட்டிவிட்டு, விழாவையே நடத்தாமல் கதையை முடித்துவிடுகிறார் ஆசிரியர். இதைத் தற்செயலாக நேர்ந்தது என்று நான் எண்ணவில்லை. கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

விழாவுக்குப் பதிலாக வருவது வெள்ளம். ஆறு ஏறுகிறது என்று தந்தி வருகிறது. ராத்திரியோடு ராத்திரியாகச் சாமான்களைக் கரையேற்றுகிறார்கள். அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. நின்று பார்க்க வேண்டியதுதான். அப்போது ஃபிண்ட்லேஸன் எதை நினைக்கிறான்? பட்டத்தை அல்ல. லாக்ஹார்ட் என்ற சக இஞ்சினீயரை நினைக்கிறான். லாக்ஹார்ட் கட்டிய நீர்த்தேக்க வேலை உடைந்து போயிற்று. அவன் மனமும் உடைந்து, செத்துப் போனான். அப்போது தான் அவனிடம் காட்டிய அரைகுறை இரக்கம், அதற்குள் ஒளிந்திருந்த இளக்காரம், இவை இப்போது ஃபிண்ட்லேஸனுக்கு ஞாபகம் வருகின்றன. நாளைக்குத் தன்னைப் பற்றியும் அதே குரலில் பேசுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

இஞ்சினீயர்களின் மனத்தைப் பற்றி நான் படித்தவற்றுள் இவ்வளவு கூர்மையான இடம் வேறில்லை. பட்டம் கொடுக்கிறவனுக்குக் கணக்குத் தெரியாது. இதே கதையில் சர்க்கார் திடீரென்று பாலத்தின் அகலத்தை இரண்டடி கூட்டிவிடுகிறது. போட்ட கணக்கெல்லாம் வீணாயிற்றே என்று இளைய இஞ்சினீயர் ஹிட்ச்காக் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுகிறான். அப்படிப்பட்டவர்கள் தருகிற பட்டம் மார்பில் குத்திக்கொள்ள உதவும், மனசுக்கு உதவாது. கணக்குத் தெரிந்தவன் ஒருவன் பார்த்து, சும்மா தலையை அசைத்தால் போதும். ஆனால் அதே மனிதன் நாளைக்கு உதட்டைப் பிதுக்கவும் கூடும். ஆகவே இஞ்சினீயர் அவனுடைய புகழுக்கு ஏங்குவதைவிட அவனுடைய இகழ்ச்சிக்கு அதிகமாகப் பயப்படுகிறான்.

இது கதாசிரியரின் கற்பனை மட்டுமல்ல. ஸ்காட்லாந்தில் டே ஆற்றின் மேல் ரயில் பாலம் கட்டிய தாமஸ் பவ்ச் என்பவருக்கு 1879 ஜூனில் விக்டோரியா ராணி 'சர்' பட்டம் கொடுத்தார். அதே வருஷம் டிசம்பர் 28-ந் தேதி இரவு, புயற்காற்றில் பாலத்தின் நடுப்பகுதி ஓடிக்கொண்டிருந்த ரயிலோடு ஆற்றில் விழுந்தது. ரயிலில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. விசாரணைக் குழு பழியை பவ்ச் மேல் போட்டது. அடுத்த அக்டோபரில் அவர் இறந்துபோனார். பட்டத்துக்கும் விபத்துக்கும் நடுவில் ஏழு மாதங்கூட இல்லை. பட்டம் கொடுத்தவர்களுக்கு அந்த இரும்புத் தூண்களின் பலவீனம் எப்படித் தெரியும்?

இனி நெவில் ஷூட். இவர் தாமே இஞ்சினீயர். முழுப் பெயர் நெவில் ஷூட் நார்வே. நாவல்களுக்கு முதல் இரண்டு பெயரை மட்டும் போட்டு, மூன்றாவதை இஞ்சினீயர் தொழிலுக்கு ஒதுக்கிவைத்தார். கதை எழுதுகிறவன் என்று தெரிந்தால் தொழிலில் தம்மைப் பொறுப்பற்றவராக நினைத்துவிடுவார்கள் என்ற பயம்! இலக்கியப் புகழை ஒருவர் மறைத்து வைத்தது, சக இஞ்சினீயர்களின் மதிப்பு போய்விடக் கூடாதே என்பதற்காக. கிப்ளிங் ஊகித்து எழுதியதை இவர் வாழ்ந்தே காட்டினார்.

1954-ல் அவர் எழுதிய சுயசரிதைக்கு 'ஸ்லைட் ரூல்' என்று பெயர். இஞ்சினீயர்கள் ஒரு காலத்தில் சட்டைப்பையில் வைத்திருந்த, கணக்குப் போடும் அளவுகோலின் பெயர் அது. ஆர். 100 என்ற ஆகாயக் கப்பலின் சட்டங்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிட்ட குழுவுக்கு அவர் தலைவர். ஒரு சட்டத்துக்குக் கணக்குப் போட இரண்டு பேருக்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்குமாம். தாள் தாளாக எழுதி, விடை பொருந்தாமல் திரும்பத் திரும்பப் போட்டு, ஒரு நாள் எல்லாம் ஒன்றோடொன்று இசைந்து நிற்கும். அந்த நிமிஷத்தில் உண்டான திருப்தியைத் தெய்வ அனுபவத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லுகிறார். கையில் பென்சிலோடு அறைக்குள் இருந்த இரண்டு பேரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத வெற்றி அது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். ஆர். 100 தனியார் கம்பெனி கட்டியது. போட்டியாக ஆர். 101-ஐ சர்க்காரே கட்டியது. 1930-ல் ஆர். 100 கனடாவுக்குப் பத்திரமாகப் போய்த் திரும்பியது. ஆர். 101, விமான மந்திரி தாம்ஸன் பிரபுவை ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குக் கிளம்பி, அக்டோபர் 5-ந் தேதி விடியுமுன் பிரான்ஸில் போவே நகரத்துக்கு அருகில் விழுந்து எரிந்தது. மந்திரி உள்பட 48 பேர் மாண்டார்கள். சர்க்கார் ஆகாயக் கப்பல் திட்டத்தையே கைவிட்டது. ஒழுங்காகப் பறந்த ஆர். 100-ஐ உடைத்து, ஸ்டீம் ரோலரை மேலே ஓட்டி நசுக்கி, காயலான் கடைச் சரக்காக விற்றார்கள். சரியாகச் செய்த வேலைக்குக் கிடைத்த சன்மானம் அது.

ஷூட் போட்டிக் கட்சியைச் சேர்ந்தவர். அவருடைய கோபம் முழுவதையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சொல்வதன் அடியில் ஓர் உண்மை இருக்கிறது. மேலே இருக்கிறவரின் முகம் மலர வேண்டும் என்று தேதி குறித்துக்கொண்டு வேலை செய்தால், 'இன்னும் தயாராகவில்லை' என்ற ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வராது. மெச்சுகிறவன் யார் என்பது இஞ்சினீயருடைய சொந்த விஷயமல்ல. ரயிலில் தூங்குகிறவனுடைய உயிர் அதில் இருக்கிறது.

நாவலாசிரியர் என்ற முறையில் ஷூட், கிப்ளிங்குக்கு இணையல்ல. 1948-ல் வந்த 'நோ ஹைவே' என்ற நாவலில் ஹனி என்ற அப்பாவி விஞ்ஞானி, ஒரு புது ரக விமானத்தின் வால் பகுதி குறிப்பிட்ட மணி நேரம் பறந்த பிறகு உலோகம் களைத்து முறிந்துவிடும் என்று கணக்கிடுகிறான். யாரும் நம்புவதில்லை. விமானம் மேலே கிளம்பாமல் இருக்க, தரையில் நிற்கும்போதே அதன் சக்கரங்களை மடக்கி அதை உட்கார வைத்துவிடுகிறான்! ஆறு வருஷம் கழித்து, 1954-ல், இரண்டு காமெட் விமானங்கள் உலோகக் களைப்பினாலேயே நடுவானத்தில் சிதறின. தீர்க்கதரிசனம் பெரிதுதான். ஆனால் ஹனி சொன்னது சரி என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். போதாததற்கு ஒரு நல்ல பெண்ணும் அவனுக்கு மனைவியாகிறாள். கிப்ளிங் துணிந்து விட்டுவிட்ட விழாவை, ஷூட்டுக்கு விட மனம் வரவில்லை.

கிப்ளிங்கின் கதையில் வெள்ளம் வடிகிறது. ஹிட்ச்காக் படகில் வந்து, பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறான். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதையில் இன்னொருவனும் இருக்கிறான். அவனை மறந்தால் நாமும் வைஸ்ராய் மாதிரிதான். பேரு என்ற கப்பல்காரன். கனத்த இரும்பைக் கயிற்றிலே கட்டித் தூக்குவதில் அவனுக்கு நிகரில்லை. அந்தத் திறமைக்கு அவன் கேட்ட கூலியைக் கொடுக்கலாம். ஆனால் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதன்படி அவனுக்குக் கிடைத்தது மிகவும் குறைவு. பாலம் இரண்டு வெள்ளைக்காரர்களின் வேலை என்று கதை சொல்லுகிறது. உடனே, பேரு தன்னையும் சேர்த்துத்தான் எண்ணிக்கொண்டான் என்றும் சொல்லிவிடுகிறது. ஆட்சியின் புலவர் தம்மை மீறி எழுதிய இடம் இது.

கிப்ளிங் இந்தக் கதையை எழுதிய காலத்தில் நம் பக்கத்தில் பெரியாறு அணை எழும்பிக்கொண்டிருந்தது. மேற்கே கடலுக்குப் போன ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பிய வேலை. 1887-ல் ஆரம்பித்து 1895-ல் முடிந்தது. இடையில் வெள்ளம் வந்து கட்டினதை அடித்துக்கொண்டு போனதும் உண்டு. அதைக் கட்டிய கர்னல் பென்னி குயிக்குக்கு ஃபிண்ட்லேஸன் கனவு கண்ட அதே ஸி.எஸ்.ஐ. பட்டம் கிடைத்தது. இன்றைக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் போய் அந்தப் பட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். யாருக்கும் தெரியாது. ஆனால் தைப் பொங்கலை ஒட்டி அவர் பிறந்த நாளுக்கு அங்கே பொங்கல் வைக்கிறார்கள். 2013-ல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபமும் எழுந்தது. கணக்குத் தெரியாத, ஆனால் தண்ணீரின் அருமை தெரிந்த மக்கள் கொடுத்த பரிசு அது. கிப்ளிங்கும் ஷூட்டும் எண்ணிப் பார்க்காத ஒரு புகழ்.

அந்தப் பொங்கலிலும் ஒரு பெயரைத்தான் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்து, மலேரியாவிலும் காலராவிலும் மாண்ட கூலியாட்களுக்குப் பெயரில்லை. பேருவைப்போல அவர்களும் தங்களைச் சேர்த்து எண்ணிக்கொண்டுதான் வேலை செய்திருப்பார்கள். கல்வெட்டில் அவர்களைச் சேர்க்க இடம் கிடையாது. நாவலில் இடமுண்டு. இஞ்சினீயரை மாப்பிள்ளையாக உட்கார வைத்தது போதும். அவனையும் அவனோடு கல் சுமந்தவனையும் வெள்ளத்தின் கரையில் ஓர் இரவு நிறுத்திப் பார்க்கட்டும் நம் எழுத்தாளர்கள்.