சவ்வை விட்டு விலகாத சேதி

மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு மூச்சை மெல்ல உள்ளே இழுத்தால், துடிப்பு சற்று விரையும்; வெளியே விட்டால் தணியும். இளவயதினரிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நோய் ஒன்றும் இல்லை, வேகஸ் நரம்பின் கைவேலை. மூச்சு உள்ளே போகும்போது அந்த நரம்பு பிடியைத் தளர்த்துகிறது, வெளியேறும்போது இறுக்குகிறது. இதயத்தின் சொந்த வேகம் நிமிடத்துக்கு 100 அளவில் இருக்கும். ஓய்வில் நமக்கு 70 என்று ஓடுவது, இந்த நரம்பு விடாமல் பிடித்து வைத்திருப்பதால்தான். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களுக்கு அந்தத் தொடர்பு அறுபட்டுவிடுவதால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் துடிப்பு 90, 100 என்று இருக்கும்.

என்னை மயக்குவது இந்தப் பிடியின் சுறுசுறுப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு வினாடிகூட இல்லை. அதற்குள் நரம்பின் சேதி செல்லுக்குப் போய்ச் சேர்ந்து, வேலையும் முடிந்து, அடுத்த துடிப்பு தள்ளிப்போயிருக்கிறது.

அந்தச் சேதி ஒரு வேதிப்பொருள் என்பதை 1921-லேயே ஓட்டோ லூவி காட்டிவிட்டார். ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அதில் ஊறிய திரவத்தை இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் நிதானப்பட்டது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். அது வந்தால் பொட்டாசியம் வாய்க்கால்கள் திறக்கின்றன, பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன, செல்லின் உட்புறம் மேலும் எதிர்மின் பக்கம் சாய்கிறது, துடிப்பைத் தொடங்கும் மின்னழுத்தத்தை எட்டத் தாமதமாகிறது. இவ்வளவும் பிறகு தெரியவந்தது. ஆனால் அசிட்டைல்கோலினைப் பிடிக்கும் ஏற்பி ஓரிடம், வாய்க்கால் வேறிடம். நடுவே தூது போவது யார்?

1984-இல் சோஜிமா, நோமா என்ற இரு ஜப்பானியர்கள் செய்த சோதனையை நான் எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. முயலின் இதய மேலறைச் செல் ஒன்று. மயிரிழையிலும் மெல்லிய முனை கொண்ட கண்ணாடிக் குழாயை அதன் சவ்வின் மேல் ஒட்டவைத்தார்கள். முனைக்குள் அகப்பட்ட சின்னஞ்சிறு சவ்வுத் துண்டில் வாய்க்கால் திறப்பதும் மூடுவதும் மின்னோட்டமாகத் தெரியும். அசிட்டைல்கோலினைக் குழாய்க்குள் வைத்தால் அந்தத் துண்டிலுள்ள வாய்க்கால்கள் திறந்தன. குழாய்க்கு வெளியே, செல்லின் மற்ற பரப்பு முழுவதும் அதே மருந்தைக் கொட்டினால், துண்டுக்குள் எந்தச் சலனமும் இல்லை. தூதன் செல்லுக்குள் கரைந்து அலைபவனாக இருந்தால் எந்தப் பக்கம் தட்டினாலும் இந்த வாய்க்காலை வந்து எட்டியிருக்க வேண்டும். வரவில்லை. ஆக, சேதி சவ்வை விட்டு விலகுவதே இல்லை. பக்கத்து வாய்க்காலைத் திறப்பதோடு அதன் பயணம் முடிகிறது. மருந்தை வைத்த இடத்தை மாற்றியதைத் தவிர வேறெதுவும் செய்யாமல் இவ்வளவு பெரிய உண்மையைக் கறந்த சோதனைகள் அபூர்வம்.

மறு ஆண்டே, அந்தத் தூதன் சவ்வின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஜி-புரதம் என்று தெரிந்தது. ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று துண்டுகள் அதற்கு. பீட்டாவும் காமாவும் பிரியாத இணை. ஏற்பி தூண்டப்பட்டதும் ஆல்ஃபா தன் கையிலிருக்கும் குவானோசின் டைபாஸ்பேட்டை உதறி, ட்ரைபாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு இணையிலிருந்து விலகுகிறது. இந்த ஆல்ஃபாதான் வேலைக்காரன், பீட்டா-காமா வெறும் துணை என்றே அன்றைய ஆய்வுலகம் நம்பியிருந்தது. 1987-இல் லோகோதெடிஸ், கிளாப்ஹாம், ஈவா நீர் முதலானோர், கோழிக் கரு இதயத்தின் சவ்வுத் துண்டின் உட்புறத்தில் தூய பீட்டா-காமாவை மட்டும் இட்டார்கள். வாய்க்கால்கள் திறந்தன. எல்லோர் கண்ணும் மாப்பிள்ளை மேல் இருக்க, காரியத்தை முடித்தது மாப்பிள்ளைத் தோழன். எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. ஆல்ஃபாவே திறக்கிறது என்று காட்டும் சோதனைகளும் எதிரணியில் இருந்தன. 1993-இல் இந்த வாய்க்காலின் மரபணு கைக்கு வந்து, ‘கிர்க்’ என்று பெயரிடப்பட்டு, அதை நேரடியாகச் சோதிக்க முடிந்த பிறகுதான் வழக்கு பீட்டா-காமாவின் பக்கம் தீர்ந்தது.

திறப்பதைவிட மூடுவதில் நயம் அதிகம் என்பேன். ஆல்ஃபா தன் கையிலுள்ள ட்ரைபாஸ்பேட்டைத் தானே வெட்டிக்கொள்ளும், வெட்டியதும் திரும்பிவந்து பீட்டா-காமாவைக் கூட்டிக்கொண்டு போய்விடும், வாய்க்கால் மூடும். அணைக்கும் கடிகாரம் ஆல்ஃபாவுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் தனித்து விட்டால் அந்தக் கடிகாரத்துக்குப் பத்து, இருபது வினாடிகள் பிடிக்கும். மூச்சோடு ஏறி இறங்கும் நாடிக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் ஆர்.ஜி.எஸ். என்ற இன்னொரு புரதக் குடும்பம் ஆல்ஃபாவின் வெட்டை முடுக்கிவிடுகிறது. ஓரிரு வினாடிகளில் பிடி தளர்கிறது.

அட்ரினலின் வேலை செய்வதும் ஒரு ஜி-புரதம் வழியாகத்தான்; அதிலும் பீட்டா-காமா உண்டு. ஆனால் அது விடுபடும்போது இந்த வாய்க்கால் திறப்பதில்லை. திறந்திருந்தால் இதயத்தை விரட்டும் சேதியே அதைப் பிடித்தும் நிறுத்தியிருக்கும். வேகஸின் ஏற்பி தன் ஜி-புரதத்தை மிக விரைவாகத் தூண்டி, வாய்க்காலுக்குப் போதுமான அளவு பீட்டா-காமாவைக் குவித்துவிடுகிறது. அட்ரினலின் ஏற்பிக்கு அந்த வேகம் இல்லை. ஒரே பொருள், அளவின் வேறுபாட்டாலேயே இருவேறு பொருள் தருகிறது.

2013-இல் வோர்டனும் மெக்கின்னனும் இந்தக் குடும்பத்து வாய்க்கால் ஒன்றைப் பீட்டா-காமாவுடன் சேர்த்துப் படிகமாக்கிப் படம்பிடித்தார்கள். நான்கு துண்டுகள் கூடிய வாய்க்கால், அதைச் சுற்றி நான்கு பீட்டா-காமா. நடுத்துளைக்குள் இன்னொரு ஏற்பாடும் உண்டு: செல்லின் மின்னழுத்தம் உயர்ந்ததும் உள்ளிருக்கும் மெக்னீசியமும் ஸ்பெர்மின் போன்ற மூலக்கூறுகளும் துளைக்குள் வந்து அடைத்துக்கொள்கின்றன. அதனால் இந்த வாய்க்காலால் நீள்வது துடிப்புகளுக்கு நடுவே உள்ள காத்திருப்புதான். எழுந்துவிட்ட துடிப்பின் குறுக்கே இந்த வாய்க்கால் அவ்வளவாக வருவதில்லை.

அடைப்பு முழுமையானது அல்ல. கசியும் பொட்டாசியம் மேலறைத் துடிப்பின் நீளத்தைக் குறைக்கிறது. மேலறை தாறுமாறாக நடுங்கும் நோய்க்கு அது வழிவிடும். நாட்பட்ட நோயாளிகளின் மேலறைச் செல்களில் அசிட்டைல்கோலின் வராமலே இந்த வாய்க்கால் திறந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். வாய்க்காலின் ஒரு பகுதியான கிர்க்-4 இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு அந்த நடுக்கத்தை எளிதில் வரவழைக்க முடியவில்லை. வேகஸின் பிடியும் அவற்றிடம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தேனீயின் நஞ்சிலுள்ள டெர்டியாபின் என்ற சிறு புரதம் இந்தத் துளையை வெளியிலிருந்து அடைக்கும். கீழறைகளில் கிர்க் மிகக் குறைவு என்பதால், மேலறையை மட்டும் ஆற்றும் மருந்தை இந்த வழியில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.