யாழ்ப்பாணத்தில் மேய்ப்புப் பணிக் கல்வி: மரபுகளும் தராதரங்களும்

நோயாளியின் கட்டிலருகிலும் செத்தவீட்டு முற்றத்திலும் பிளவுபட்ட குடும்பத்தின் நடுவிலும் ஒரு குருவானவரோ துறவியோ ஆற்றும் ஆறுதற் பணியையும், மனச்சாட்சியின் குழப்பத்தோடு வரும் ஒருவருடைய உள்ளத்தைக் கேட்டறிந்து வழிகாட்டும் பணியையும் சேர்த்தே கிறிஸ்தவ மரபு மேய்ப்புப் பணி என வழங்குகிறது. இவற்றுள் பின்னையதை ஆன்ம வழிகாட்டல் என்பர். இறைவனோடு ஒருவர் கொண்டுள்ள உறவே அதன் பொருள். இலங்கைத் தமிழில் உளவளத்துணை எனப்படுவதோ உளவியல் அறிவைத் துணைக்கொண்டு மனத்துயரையும் நடத்தைச் சிக்கலையும் அணுகும் தொழில்முறை உதவியாகும். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில், இறையியல் இளமாணிப் பட்டத்துக்கு மேலான முதுமாணிப் படிப்பாக இன்று உலகெங்கும் வளர்ந்திருப்பதே மேய்ப்புசார் உளவளத்துணைக் கல்வி. அக்கல்வி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பல வழிகளால் வந்து சேர்ந்தது. வழிகள் பலவானதால் ஒன்றன் வலிமையை மற்றொன்று அறியாமற் போனதும் உண்டு.

குருக்கள் இல்லாத காலத்திலேயே குடாநாட்டில் மேய்ப்புப் பணி நிலைத்தது என்பது அதன் வரலாற்றில் முதலிற் கருதத்தக்கது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்த பின்னர், கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் வந்து சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகளார், சில்லாலையைத் தளமாகக்கொண்டு சிதறிய விசுவாசிகளைத் தேடிச் சென்றார். ஒரே குரு எல்லா ஊர்களிலும் இருக்க முடியாதென்பதால், அவர் இல்லாத மாதங்களில் செபங்களை நடத்தவும் நோயாளரைச் சந்திக்கவும் மூப்பர், அண்ணாவி எனப்பட்ட பொதுநிலையினர் ஊர்தோறும் பொறுப்பேற்றனர். பின்னாளில் 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி மக்கள் நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது வாஸ் அடிகளார் அவர்களைத் தம் கையாலேயே பேணினார். 2015இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது பலரும் நினைவுகூர்ந்தது இப்பணியையே. எழுதப்பட்ட பாடத்திட்டம் இல்லாத இந்த மரபே பிற்காலப் படிப்புகள் அனைத்தையும் உரசிப் பார்க்கத்தக்க உரைகல்லாக இன்றும் நிற்கிறது.

முறையான உயர்கல்வி அமெரிக்க மிஷனோடு வந்தது. 1816இல் குடாநாட்டில் பணி தொடங்கிய அம்மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி ஒன்றை நிறுவியது. டானியல் பூர் அதன் முதல் அதிபராக இருந்தார். சுதேச குருமாரையும் உபதேசிமாரையும் உருவாக்குவதே செமினரியின் நோக்கம் எனினும், அங்கே இறையியலோடு கணிதமும் வானியலும் தமிழிலக்கியமும் கற்பிக்கப்பட்டமையால், அது ஆசியாவின் தலைசிறந்த கல்விக்கூடங்களுள் ஒன்றாக வளர்ந்தது. ஆயினும் 1855இல் பொஸ்ரனிலிருந்து வந்த ருஃபஸ் அண்டர்சனின் தூதுக்குழு, ஆங்கிலக் கல்வி மாணவரைத் திருச்சபையின் பணிக்கன்றி அரசாங்க உத்தியோகத்துக்கே ஆயத்தப்படுத்துகிறது என்று கண்டதன் விளைவாகச் செமினரி மூடப்பட்டது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் உருவானவர்களே என்பதை எண்ணும்போது அந்த மூடுதலின் இழப்பு விளங்கும். அண்டர்சன் எழுப்பிய கேள்வியில் நியாயம் இருந்தது, ஆனால் அதற்கு அவர் கண்ட விடை தவறானது. உயர்கல்வி மக்களிடமிருந்து மனிதரைப் பிரித்துவிடுகிறதென்றால், அக்கல்வியை மக்களின் மொழியிலும் மக்களின் துயரிலும் ஊன்றச் செய்வதே பரிகாரம்.

அந்தப் பரிகாரத்தை அதே மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர் மானிப்பாயிற் செய்து காட்டினார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 1864 தொடக்கம் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியலையும் இரண வைத்தியத்தையும் தமிழிற் கற்க முடிந்ததென்றால், உள்ளத்தின் நோவைப் பற்றிய முதுமாணிக் கல்வியைத் தமிழிற் கற்க முடியாதென்று கூறுவதற்கு இடமில்லை.

கத்தோலிக்கர் சென்ற பாதை வேறு. 1847இலிருந்து யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய அமலமரித் தியாகிகள் சபையினர் குருமடக் கல்வியை வளர்த்தனர். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1893இல் கண்டியில் நிறுவிய பாப்பிறைக் குருமடம் 1955இல் புனேக்கு மாற்றப்படும்வரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவான உயர் குருமடமாக விளங்கியது. இன்று கொழும்புத்துறையில் உள்ள புனித சவேரியார் உயர் குருமடத்திலேயே மெய்யியலும் இறையியலும் தமிழ் மாணவருக்குக் கற்பிக்கப்படுகின்றன. திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1992இல் வெளியிட்ட ஏட்டின்படி குருத்துவப் பயிற்சி மானிடம், ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப் பணி என்னும் நான்கு கூறுகளைக் கொண்டது. அவற்றுள் மானிடப் பயிற்சியே மற்றவற்றின் அத்திவாரம் என்பது அவ்வேட்டின் துணிபு.

இந்த மரபு பேணிவரும் தராதரம் ஒன்று மற்ற மரபினரும் கற்கத்தக்கது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 240ஆம் விதியில், ஒரு மாணவரைத் திருநிலைப்படுத்துவதா விலக்குவதா என்று முடிவெடுக்கும்போது அவருடைய ஆன்ம வழிகாட்டியிடமோ ஒப்புரவு அருட்சாதனம் வழங்கிய குருவிடமோ கருத்துக் கேட்கவே கூடாது என்று கட்டளையிடுகிறது. உள்ளத்தைத் திறந்து பேசும் இடம் வேறு, மதிப்பிடும் இடம் வேறு என்ற இப்பிரிவினை, மாணவர் அச்சமின்றித் தம் பலவீனத்தைப் பேச வழிசெய்கிறது. இதனோடு இணைத்துப் பார்க்க வேண்டியது இரகசியம் காத்தல் பற்றிய வேறுபாடு. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை எக்காரணம் பற்றியும் வெளியிட முடியாது. உளவளத்துணையிலோ ஒருவருடைய உயிருக்கு ஆபத்து நேரும்போதும் ஒரு பிள்ளைக்குத் தீங்கு இழைக்கப்படும்போதும் அந்த இரகசியத்துக்கு எல்லை உண்டு. ஒரே குருவானவரிடம் ஒரே மனிதர் இவ்விரு வகையிலும் பேச வரக்கூடுமாதலால், எந்த உரையாடல் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடக் கற்றுக்கொடுப்பது முதுமாணிப் பயிற்சியின் முதற் கடமைகளுள் ஒன்றாகும்.

சீர்திருத்தத் திருச்சபைகளின் பக்கம் இருபதாம் நூற்றாண்டில் எழுந்த பெரும் மாற்றம் வைத்தியசாலைசார் மேய்ப்புப் பயிற்சி எனலாம். தாமே மனநோயால் அவதியுற்று மீண்ட அன்ரன் பொய்சன் என்னும் அமெரிக்கப் போதகர், 1925இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் மனநல வைத்தியசாலையில் இறையியல் மாணவர் சிலரை நோயாளருடன் பழகவிட்டார். நூல்களைக் கற்பதுபோலவே துயருறும் மனிதரையும் கவனமாகக் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மருத்துவ மாணவருக்கு உள்ளதைப்போல் இறையியல் மாணவருக்கும் நோயாளர் நடுவே ஓர் ஆண்டு வேண்டும் என்று வைத்தியர் றிச்சர்ட் கபொட் அதே ஆண்டில் வாதிட்டார். இவற்றிலிருந்து வளர்ந்த முறையில் ஒரு பயிற்சிக் கூறு 400 மணித்தியாலங்களைக் கொண்டது. மாணவர் நோயாளியோடு பேசியதைச் சொல்லுக்குச் சொல் நினைவிலிருந்து எழுதி, உரையாடற் பதிவாகச் சக மாணவர் முன்னும் மேற்பார்வையாளர் முன்னும் வைப்பார். எந்த இடத்தில் நோயாளியின் அழுகையைத் தாங்க முடியாமல் அவசரமாகச் செபத்துக்குத் தாவினார், எந்த இடத்தில் கேட்பதை விட்டுப் போதிக்கத் தொடங்கினார் என்பவை அங்கே வெளிச்சத்துக்கு வரும். பிரசங்கத்தில் தேர்ந்த ஒருவருக்கு இது நோவு தரும் பயிற்சிதான். ஆனாலும் இதற்கு ஈடாக வேறொன்று இதுவரை கண்டறியப்படவில்லை.

இம்முறை தென்னாசியாவில் வேரூன்றிய இடங்களுள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் ஒன்று. அதை நிறுவிய ஐடா ஸ்கடரின் பாட்டனார் ஜோன் ஸ்கடர் 1820 முதல் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்தவர் என்பதால், குடாநாட்டுக்கும் வேலூருக்கும் உள்ள உறவு பழையது. பட்டக் கல்வியைப் பொறுத்தவரை, அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்ற், பிரெஸ்பிற்றேரியன் திருச்சபைகள் இணைந்து 1963இல் பிலிமத்தலாவையில் நிறுவிய இலங்கை இறையியற் கல்லூரி சிங்களத்திலும் தமிழிலும் கற்பித்து, இந்தியாவின் செராம்பூர்ப் பேரவை வழங்கும் இறையியற் பட்டங்களுக்கு மாணவரை ஆயத்தம் செய்கிறது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியற் கல்லூரியும் பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியும் அதே பேரவையோடு இணைந்தவை. தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தில் 1947இல் முதற் பேராயரான சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்னும் பொருளை ஒப்பிட்டு ஆராய்ந்து, யாழ்ப்பாண மண்ணிலிருந்தே உலகத் தரமான இறையியல் எழலாம் என்று நிறுவினார். மேய்ப்புப் பணித் துறையில் அத்தகைய ஆய்வு இன்னும் பெருக வேண்டும்.

மௌனத்தையும் எளிமையையும் முதன்மையாக்கும் ஆச்சிரம மரபும் இங்கு உண்டு. தோமஸ் அடிகளார் 1928இல் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையும், 1939இல் மருதனார்மடத்தில் எழுந்த கிறிஸ்தசேவா ஆச்சிரமமும் பட்டம் எதுவும் வழங்குபவையல்ல. இருப்பினும் பிறர் துயரைக் கேட்பவர் தம் உள்ளத்தை முதலில் அடக்கிப் பழக வேண்டும் என்பதை இவற்றிடமே கற்கலாம்.

இம்மரபுகள் அனைத்தையும் போர் சோதனைக்கு உள்ளாக்கியது. 1995 ஜூலையில் நவாலி புனித பேதுரு பாவிலு ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் குண்டுவீச்சில் இறந்தனர். அவ்வாண்டு ஒக்ரோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. 2004இல் ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கின் கரையோர ஊர்களை வாரிச் சென்றது. அக்காலத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் முதலியோர் உளநலப் பணியைச் சமூகத்துக்குள் கொண்டுசென்றனர். 1998இல் வெளியான அவருடைய ஆங்கில நூல் போர் தமிழர் உள்ளத்திற் பதித்த வடுக்களை உலகறியச் செய்தது. சாந்திகம் போன்ற நிறுவனங்கள் உளவளத்துணையாளரைப் பயிற்றுவித்தன. கொழும்புத்துறை டி மசனட் இறையியலகத்திலிருந்து வெளிவந்த ‘நான்’ என்னும் உளவியற் சஞ்சிகை உளவியலை எளிய தமிழில் வாசகரிடம் சேர்த்தது. குருவானவர்களும் கன்னியரும் இப்பணிகளிற் பங்குகொண்டமையால், ஆன்ம வழிகாட்டலும் உளவளத்துணையும் ஏட்டளவில் அன்றிப் பணிக்களத்திலேயே சந்தித்தன.

அச்சந்திப்பின் கடினமான கேள்வி காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடமிருந்து வருகிறது. மகன் உயிரோடிருக்கிறான் என்று நம்பும் தாயிடம், முப்பத்தோராம் நாள் திருப்பலியைப் பற்றி எந்தக் குரு எப்போது பேசலாம்? இறந்தோருக்கான செபம் அவளுக்கு மகனைக் கைவிடுவதாகத் தோன்றும். செபமே இல்லாத ஆண்டுகளோ அவளுடைய துயரை முடிவில்லாமல் நீட்டும். உளவியல் இதைத் தெளிவில்லா இழப்பு என வகைப்படுத்துகிறது. அவ்வகைப்பாடு உதவியானதே, ஆயினும் அத்தாயின் வீட்டிற் சொல்லத்தக்க செபத்தை அது தராது. மேலைநாட்டுப் பாடநூல்களில் இதற்கு ஆயத்தமான விடை இல்லை. இறையியலும் வழிபாட்டியலும் உளமருத்துவமும் ஒரே மேசையில் அமர்ந்து ஆராய வேண்டிய பொருள் இது. குடாநாட்டின் முதுமாணிக் கல்விக்கு இதைவிடத் தகுந்த ஆய்வுப் பொருள் வேறில்லை.

ஆதலால் தராதரம் என்பதைப் பட்டத்தின் பெயராலோ கற்பித்த நிறுவனத்தின் புகழாலோ அளப்பது போதாது. மேற்பார்வையில் நடந்த உரையாடல்கள் எத்தனை, அவை எந்த மொழியில் எழுதப்பட்டன, மேற்பார்வையாளர் தாமும் அத்தகைய பயிற்சி பெற்றவரா என்பவையே கேட்கத்தக்கவை. யாழ்ப்பாணத்து நோயாளி தமிழில் அழ, அவ்வுரையாடலை மாணவர் ஆங்கிலத்தில் எழுதிப் புள்ளி பெறுவாராயின், அழுகையின் பாதி பதிவிலிருந்து விடுபட்டுப் போகும். குருமடங்கள், திருச்சபைகள், பல்கலைக்கழகம், போதனா வைத்தியசாலை ஆகியன ஒருங்கிணைந்து தமிழில் நடத்தும் பயிற்சிக்கு மாணவரைச் சேர்ப்பதற்கு முன்பே மேற்பார்வையாளரை உருவாக்க வேண்டும். பல ஆண்டுகள் எடுக்கும் அவ்வேலையில் குருவானவர்களை மட்டுமன்றி, 1862இல் யாழ்ப்பாணம் வந்த காலந்தொட்டுப் பெண்களின் துயரை அருகிருந்து கேட்டுவரும் திருக்குடும்பக் கன்னியரையும், பழைய அண்ணாவிமாரின் வழியில் வரும் பொதுநிலையினரையும் முதல் அணியிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.