வீட்டை விட்டுப் புறப்படும் மகன்

சண்டைப் படம் என்றதுமே முகம் சுளிப்போர் நம்மில் பலர். அந்தச் சுளிப்பில் நியாயமும் இல்லாமல் இல்லை. எலும்பு முறியும் ஓசையையே பின்னணி இசையாகக் கொண்ட படங்கள் நம்மைச் சலிப்படையச் செய்திருக்கின்றன. 2009-ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் வெளிவந்த ‘மெரந்தாவ்’ படத்திலும் அடிதடிக்குப் பஞ்சமில்லை. ஆயினும், முதல் அடி விழுவதற்கு வெகு முன்பே ஒரு வீட்டையும், ஒரு தாயையும், ஒரு மரபையும் இப்படம் நம் கண்முன் நிறுத்திவிடுகிறது. இதைக் குறித்துச் சிந்திக்க அதுவே காரணம்.

மேற்குச் சுமத்ராவில் வாழும் மினாங்கபாவ் மக்கள், உலகின் மிகப் பெரிய தாய்வழிச் சமுதாயத்தினர் எனப்படுகின்றனர். இஸ்லாமியரான அவர்களிடையே குடும்ப வீடும் பூர்விக நிலமும் தாயிடமிருந்து மகளுக்கே செல்கின்றன. முற்காலத்தில் சிறுவர் ஓரளவு வளர்ந்ததும் இரவில் ‘சுராவ்’ எனும் தொழுகைக் கூடத்தில் தங்கினர். குர்ஆன் ஓதுதலும் ‘சிலாட்’ எனும் தற்காப்புக் கலையும் அங்கேதான் கற்பிக்கப்பட்டன. பின்னர் இளைஞன் ஊரை விட்டு வெளியேறிப் பொருளும் அறிவும் ஈட்டித் திரும்ப வேண்டும். இப்புறப்பாடே ‘மெரந்தாவ்’. புக்கிட்டிங்கியில் பிறந்து, 1921-இல் உயர்கல்விக்காக ஹாலந்துக்குப் புறப்பட்டு, பின்னாளில் நாட்டின் முதல் துணைக் குடியரசுத் தலைவரான முகம்மது ஹத்தாவும் இவ்வழியில் வந்தவரே.

படத்தின் நாயகன் யூடா, தக்காளி பயிரிடும் குடும்பத்தின் இளைய மகன். சிலாட் கற்பித்துப் பிழைக்கலாம் என்ற நம்பிக்கையோடு ஜகார்த்தா செல்கிறான். தங்குவதாக இருந்த முகவரியில் வீடே இல்லை. இரவுகளைக் கட்டுமான இடத்துச் சிமெண்டுக் குழாயில் கழிக்கிறான். அவனுடைய பணப்பையைத் திருடும் அடிட் என்ற சிறுவனைத் துரத்தும்போது, அச்சிறுவனின் அக்காள் அஸ்திரியைச் சந்திக்கிறான். பெண்களை விற்கும் கும்பலின் பிடியில் அவள் சிக்கியிருக்கிறாள். விலகிச் செல்ல வழி இருந்தும் அவன் விலகவில்லை. கதை அவ்வளவே.

இயக்குநர் கேரத் எவான்ஸ் வேல்ஸ் நாட்டவர். சிலாட் பற்றிய ஆவணப்படம் ஒன்றை எடுக்கச் சென்ற இடத்தில்தான் இக்கோ உவைஸ் என்ற இளைஞரைக் கண்டு, அவரையே யூடாவாக்கினார். படத்தில் காணும் சிலாட் ‘ஹரிமாவ்’ வகையைச் சேர்ந்தது. ஹரிமாவ் என்றால் புலி. தரையோடு தாழ்ந்து, கைகளையும் ஊன்றி, எதிரியின் கால்களைக் குலைக்கும் முறை இது. ஊரில் தனியே பயிலும் யூடாவைக் காட்டும் தொடக்கக் காட்சிகளில் அது தொழுகை போன்ற ஒழுங்குடன் நிகழ்கிறது. நகரத்தில் அதே அசைவுகள் ஆளை வீழ்த்தும் கருவியாகின்றன. ஒரு கலை தன் மண்ணை விட்டு வந்தபின் என்னவாகிறது என்ற கேள்வி இங்கே எழுகிறது. யூடாவைப் போலவே சிலாட் கற்று, நகரத்தில் கும்பலின் அடியாளாகிவிட்ட எரிக் என்ற பாத்திரம் அக்கேள்வியைக் கூர்மையாக்குகிறது. மின்தூக்கிக்குள் இருவரும் மோதுகின்றனர். வென்ற பின்னும் யூடா அவனைக் கொல்ல மனமின்றி விடுகிறான். படத்தின் அறம் முழுவதும் அச்சிறு தயக்கத்தில் அடங்கியிருக்கிறது.

குறைகளும் உண்டு. மினாங்கபாவ் மக்கள் வெளியூர் செல்லும்போது பெரும்பாலும் தனித்து விடப்படுவதில்லை. முன்பே சென்ற உறவினரும் ஊராரும் கைகொடுப்பது வழக்கம். நாட்டின் நகரங்களெங்கும் காணப்படும் பாடாங் உணவுக் கடைகளே அதற்குச் சான்று. நாயகனைத் தனி வீரனாக்கும் பொருட்டுப் படம் இவ்வுறவுகளை அறுத்துவிடுகிறது. பிற்பகுதியில் துறைமுகத்துச் சரக்குப் பெட்டிகளிடையே நிகழும் மோதல் எந்த நாட்டுப் படத்திலும் இடம்பெறக் கூடியது. பெண்வழி மரபில் பிறந்த கதையில், அஸ்திரி பெரும்பாலும் காப்பாற்றப்பட வேண்டியவளாகவே நின்றுவிடுவதும் நெருடுகிறது. இதே இயக்குநரும் நடிகரும் இணைந்து 2011-இல் தந்த ‘தி ரெய்டு’ உலகப் புகழ் பெற்றது. அதில் சண்டை மேலும் தேர்ச்சி பெற்றிருக்கிறது; ஆனால் இந்தக் கிராமமும் அதன் வழக்கமும் இல்லை.

இக்குறைகளை மீறிப் படத்தைத் தாங்கி நிற்பவர், தாயாக வரும் கிறிஸ்டின் ஹகீம். 1988-இல் ஆச்சே விடுதலை வீராங்கனை சுட் ஞாக் தியெனாக நடித்துப் பெயர் பெற்ற மூத்த நடிகை. மகனைத் தடுக்கவும் இயலாமல், மனதார அனுப்பவும் இயலாமல் அவர் நிற்கும் நிலை, பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பிய எவரையும் கலங்க வைக்கும்.

யூடா திரும்பி வருவதில்லை. அஸ்திரியைக் காத்து உயிர் துறக்கிறான். அவனுடைய வீட்டுக்கு அவளும் தம்பியுமே வந்து சேர்கின்றனர். அக்குடும்பம் அவர்களை ஏற்றுக்கொள்கிறது. ஈட்டியதைக் கொண்டு வந்து சேர்ப்பதே மெரந்தாவ் என்றால், அவன் ஈட்டியவர்கள் இந்த இருவர். அவர்களுக்கு அந்தத் தாய் கதவைத் திறப்பதில்தான் மரபு உண்மையில் காக்கப்படுகிறது. சிலாட்டை யுனெஸ்கோ நிறுவனம் 2019-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. அக்கலையோடு சேர்த்துக் காக்கத்தக்கது எது என்பதை, அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இப்படம் சொல்லிவிட்டது.