இருபத்தாறாவது கதை

சென்ற மார்கழியில் ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூரில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். நாவல் எழுதப் போவதாக எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனேன். உண்மையில் ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதப் போனேன். ஒரு வக்கீல் குமாஸ்தாவை வைத்து நான் எழுதி வரும் கதைகளில் ஒன்பதாவது புத்தகம் வேண்டும் என்று பிரசுரகர்த்தர் கேட்டிருந்தார். அதே கடிதத்தின் கடைசி வரியில், கடந்த இரண்டு புத்தகங்களும் முன்போல விற்கவில்லை என்றும் குறிப்பிட்டிருந்தார். விற்காத சரக்கில் இன்னும் கொஞ்சம் கொடு என்பது விசித்திரமான வேண்டுகோள்தான். ஆனால் அது எனக்கு மட்டும் வந்த வேண்டுகோள் அல்ல என்று அங்கே தெரிந்துகொண்டேன்.

கூட வந்திருந்த என் அக்காள் மகன் காலேஜில் படிக்கிறவன். வீடியோ கேம் பித்து. அவன்தான் 'ஃபைனல் ஃபேண்டஸி' என்ற ஜப்பானியத் தொடரைப் பற்றிச் சொன்னான். முதல் ஆட்டம் 1987-ல் வந்தது. 'இறுதிக் கற்பனை' என்று பொருள்படும் பெயரைச் சூட்டிக்கொண்டு, 2023-க்குள் பதினாறு வரைக்கும் வந்துவிட்டது! 2016-ல் வந்த பதினைந்தாவது, முதல் நாளிலேயே உலகம் முழுவதும் கடைகளுக்குப் போனதும் நேராக விற்றதுமாக 50 லட்சம். 2023-ல் பதினாறாவது, முதல் வாரத்தில் 30 லட்சம். பதினைந்தாவது இரண்டு வகை யந்திரங்களுக்கு வந்தது, பதினாறாவது முதலில் ஒன்றுக்கு மட்டுமே வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் இறக்கம் இறக்கந்தான்.

"ஒரே மாதிரி இருக்கிறது என்று ஜனங்களுக்கு அலுத்துவிட்டதோ?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா, ஒவ்வொன்றும் வேறே கதை, வேறே ஆட்கள். ரொம்ப மாற்றிவிட்டார்கள் என்றுதான் பழைய ஆட்கள் கோபப்படுகிறார்கள். புதுசாக வருகிறவன் பதினாறு என்ற நம்பரைப் பார்த்ததுமே பயந்துவிடுகிறான்" என்றான்.

இந்தப் பதில் என்னை 'அம்புலிமாமா'விடம் கொண்டுபோய் விட்டது. என் தலைமுறைக்கு அதைவிட நீளமான தொடர் வேறு எது? 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தெலுங்கிலும் தமிழிலும் ஆரம்பித்த பத்திரிகை. பிறகு பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில், மலைவாழ் மக்களின் சந்தாலி மொழியில்கூட, வந்தது. 1998-ல் நின்றது. மறு வருஷம் மீண்டும் எழுந்தது. 2007-ல் பம்பாய்க் கம்பெனி ஒன்று வாங்கியது. 2013-க்குள் அடங்கிவிட்டது.

அதில் மாதம் தவறாமல் வந்தது விக்கிரமாதித்தனும் வேதாளமும். ஓவியர் சங்கர் வரைந்த படத்தை மறக்க முடியாது: உருவிய வாளோடு ராஜா, முதுகில் பிரேதம். 1950-களின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்து, பத்திரிகையின் கடைசிக் காலம் வரைக்கும் வரைந்தவர் அவர். 2020-ல் காலமான பிறகு பத்மஸ்ரீ விருது அளித்தார்கள்.

மூலத்தில் அந்தக் கதைகள் இருபத்தைந்துதான். பதில் தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் ராஜாவின் தலை சுக்குநூறாகும். வாய் திறந்தாலோ வேதாளம் பழையபடி மரத்துக்குப் போய்விடும். கடைசிப் புதிர் ஓர் உறவுச் சிக்கல்: தகப்பன் மகளையும் மகன் தாயையும் மணந்துகொண்டால், அவர்களுடைய பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? ராஜாவுக்குத் தெரியவில்லை. மௌனமாக நடக்கிறான். அந்த மௌனத்தில்தான் வேதாளம் மனமிரங்கி யோகியின் வஞ்சகத்தைச் சொல்லி அவன் உயிரைக் காப்பாற்றுகிறது. அத்தனை சாமர்த்தியமான பதில்களாலும் முடியாத காரியத்தை ஒரு தெரியாமை சாதித்துவிடுகிறது. கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பத்திரிகைக்கு அந்த மௌனம் கட்டுபடியாகாது. ராஜா வாயடைத்துப் போனால் அடுத்த மாதம் என்ன செய்வது? ஆகவே இருபத்தாறாவது கதையையும், அதன்பின் நூற்றுக்கணக்கான கதைகளையும் புதிதாகக் கட்டினார்கள். ராஜா ஒவ்வொன்றுக்கும் பதில் தெரிந்தவனாகவே இருந்தான்.

இதுதான் அதைக் கொன்றது என்று எழுதிவிட ஆசைதான். வாக்கியம் அழகாக இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இருபத்தாறும் ஒன்றுதான், ஐந்நூறும் ஒன்றுதான். ஒரு வாசகன் மீசை முளைத்து விலகும்போது அவன் தம்பி அந்த இடத்தில் வந்து உட்காருவான். அரை நூற்றாண்டு அந்தத் தொடரைத் தாங்கியது புதுமை அல்ல; இந்த வரிசைதான். வரிசை அறுந்தபோது பத்திரிகை விழுந்தது. வீட்டுக்குள் டெலிவிஷன் வந்தது. பாடம் இங்கிலீஷுக்கு மாறியது. பொழுதுபோக்குக்காகத் தமிழ் படிக்கும் பிள்ளைகள் குறைந்தார்கள். அந்தக் கதைகளில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜப்பான்காரர்களின் வியாதி வேறு. அங்கே தம்பி வரவில்லை. அண்ணனே நரைத்த தலையோடு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்காகப் பழையதை வைத்திருக்க வேண்டும். அவனுக்கு அலுக்காமலிருக்க மாற்றவும் வேண்டும். இரண்டு இடத்திலும் விற்பனைதான் குறைகிறது. ஆனால் காய்ச்சல் என்றால் எல்லாம் ஒரே காய்ச்சலா? மலேரியாவுக்கும் டைபாய்டுக்கும் ஒரே மருந்து கொடுக்கும் வைத்தியரைப் போலத்தான், குறைந்ததும் 'இன்னொன்று போடு' என்று சொல்லும் பிரசுரகர்த்தர்களும்.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரர் மலையாளி இனத்தைச் சேர்ந்தவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சாமை அறுப்பு முடிந்து ஓய்ந்திருந்த நேரம். இரவு குளிருக்கு நெருப்பு மூட்டி, பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த கதையைச் சொன்னார். மறுநாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் ஓர் இடத்தில் அவர் தடுமாறியபோது ஒரு சிறுமி எடுத்துக் கொடுத்தாள். கதை முடிந்ததும் இன்னொரு பையன் "அப்புறம்?" என்றான்.

"அப்புறம் என்ன? வந்தாங்க, காடு திருத்துனாங்க, நாம இருக்கோம். அவ்வளவுதான் தம்பி. போய்ப் படு."

யாரும் ஏமாந்ததாகத் தெரியவில்லை. நான்தான் தூங்கவில்லை. என் குமாஸ்தாவின் கதைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஐந்தாவது புத்தகத்தில் அவன் தன் எஜமானரின் ஒரு பொய்யைக் கண்டுபிடிக்கிறான். அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கதை அங்கே தானாக முடிந்திருந்தது. நான் பயந்துபோய் ஆறாவதில் அவனுக்கு ஒரு பதிலைச் சொல்லிக்கொடுத்தேன். அன்றிலிருந்து அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். என் வாசகர்களும் என்னோடு வயதானவர்கள். மரியாதைக்காக எட்டு வரைக்கும் வாங்கினார்கள்.

மறுநாள் காலை பிரசுரகர்த்தருக்குப் பதில் எழுதினேன். ஒன்பதாவது புத்தகம் இல்லை. ஐந்தாவதை, கடைசி அத்தியாயத்தை நீக்கிவிட்டு மறுபதிப்புப் போட முடியுமா என்று கேட்டிருந்தேன். போளூர் பஸ்ஸுக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்தேன்.

பதில் இன்னும் வரவில்லை.