தாழ்த்திய காருக்குக் கேம்பர் போல்ட்: எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது

ஸ்விஃப்ட் போன்ற சிறிய காருக்கு லோயரிங் ஸ்பிரிங் போட்டு 30, 40 மில்லிமீட்டர் இறக்கியவர்கள் அடுத்துப் போய் நிற்பது வீல் அலைன்மென்ட் கடையில். அங்கே ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருகி டோவை, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை, சரிசெய்வார்கள். திரையில் டோ பச்சையாகும். முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணமான கேம்பர் சிவப்பாகவே நிற்கும். இந்த வண்டியில் கேம்பருக்கு அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது என்பார்கள். உண்மைதான், தொழிற்சாலையிலிருந்து வரும்போது இல்லை. அந்த இடத்துக்குத்தான் கேம்பர் போல்ட். ஸ்ட்ரட்டையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் பிணைக்கும் இரண்டு போல்ட்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு, தண்டு மெலிந்து ஒரு பக்கம் மட்டும் புடைத்த இந்த போல்ட்டைப் போடுகிறார்கள். திருகத் திருக அந்தப் புடைப்பு நக்கிளை உள்ளேயோ வெளியேயோ சாய்க்கும். பெரும்பாலான போல்ட்கள் ஒன்றரை டிகிரி அளவுக்கு இடம் தருகின்றன. வாங்கத் தகுந்த பொருள்தான். ஆனால் டயர் தேய்கிறதே என்ற ஒரே காரணத்துக்காக வாங்குவோர் தவறான இடத்தில் மருந்து தடவுகிறார்கள்.

டயரை முதலில் தின்பது டோ. காரை இறக்கும்போது டை ராடும், நக்கிளின் அடியைப் பிடிக்கும் லோயர் ஆர்மும் ஒரே அளவில் நகர்வதில்லை, அதனால் கேம்பரோடு டோவும் பிசகுகிறது. 185/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர். மொத்த டோ 3 மில்லிமீட்டர் தவறினால் ஒரு சக்கரத்துக்கு 1.5 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்த டயர் ஏறக்குறைய 2.4 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. 10,000 கிலோமீட்டரில் அது 24 கிலோமீட்டர். ஒரு டிகிரி நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) மட்டும் இருந்தால் பாரம் உள்விளிம்பில் கூடும், அவ்வளவுதான்; இந்த அளவுக்கு இழுபறி இல்லை. இரண்டும் சேரும்போதுதான் டயரின் உள்பக்கம் நூல் தெரியும்வரை தேய்கிறது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ டயர் புதிதாகவே தெரியும். டோதான் முக்கியம் என்றாலும் அதைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். டை ராட் நக்கிளோடு சேர்ந்திருப்பதால் கேம்பரைத் தொட்டாலே டோ மாறிவிடும். டோவை வைத்துவிட்டுப் பிறகு கேம்பர் போல்ட்டைத் திருகினால் முதல் வேலை வீண்.

அப்படியானால் கேம்பர் போல்ட் எதற்கு? இடது வலது இரண்டையும் சமமாக்க. கேம்பர் இரு பக்கமும் வேறுபட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும். இரண்டும் ஒரே அளவு தவறாக இருந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டி வண்டி நேராகவே போகும். ஸ்டீயரிங் இழுக்கவில்லை, ஆகவே அலைன்மென்ட் சரி என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. மெலிந்த தண்டு தாங்குமா என்ற அச்சமும் உண்டு, நியாயமான அச்சம்தான். ஆனால் அந்த இணைப்பில் பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் இறுக்கத்தால் வரும் உராய்வு. டொயோட்டா தன் கொரோலா பழுதுபார்ப்புக் கையேடுகளிலேயே, தலையில் புள்ளிகள் குறித்த மெலிந்த போல்ட்களைக் கேம்பர் திருத்தத்துக்குத் தந்திருக்கிறது. ஆகவே ஆபத்து இந்த வகை போல்ட்டில் இல்லை. தரம் குறிக்காத மலிவுப் போல்ட்டிலும், டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை பலத்தில் இறுக்குவதிலும் இருக்கிறது. இறுக்கம் போதாவிட்டால் ஒரு பெரிய பள்ளத்திலேயே புடைப்பு நழுவி, வைத்த கோணம் போய்விடும்.

இந்த போல்ட் எட்டாத இடம் ஒன்று உண்டு. அது திருத்துவது நிற்கும் காரின் கோணத்தை. ஓடும் காரின் அசைவை அல்ல. அதிகம் இறக்கும்போது லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விடுகிறது. கார் பக்கவாட்டில் சாயும்போது சுழலும் மையமான ரோல் சென்டர், ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழிறங்குகிறது. திருப்பத்தில் குறையும் என்று எதிர்பார்த்த சாய்வு போதிய அளவு குறைவதில்லை. டை ராடின் சாய்வும் மாறிவிட்டதால், ஒரு சக்கரம் மேடு ஏறும்போதே டோ மாறி ஸ்டீயரிங் தானாக அசையும். அலைன்மென்ட் தாளில் எல்லாம் பச்சையாக இருக்கும்போதும் இது நடக்கும். இதற்குத் தீர்வு நீண்ட தண்டு (பின்) கொண்ட பால் ஜாயின்ட்டும் அதற்கேற்ற டை ராட் எண்டும். அல்லது, பெரும்பாலோருக்கு, குறைவாக இறக்குவது. 2018 ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். அதில் 40 போனால் நம் வேகத்தடைகளுக்கு 123தான் மிச்சம். 25 மில்லிமீட்டரோடு நிறுத்தியவருக்கு ஒரு ஜோடி கேம்பர் போல்ட்டும் ஒழுங்கான அலைன்மென்ட்டும் பெரும்பாலும் போதும்.

போல்ட்டைப் போடுமுன் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள். தேய்ந்த புஷ்ஷோடு வைத்த கோணம் நிலைக்காது. புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடி அமர்ந்த பிறகே கடைக்குப் போங்கள். காற்றழுத்தம், கேம்பர், கடைசியில் டோ என்ற வரிசையைக் கேட்டு வாங்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு அளவுத் தாள்களையும் கையில் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.