நாட்குறிப்பில் வாழும் இல்லம்

பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்ச் செல்வக் குடியின் அன்றாட வாழ்வை அறிய விழைவோர்க்குச் சிற்றிலக்கியங்கள் பெரிதும் உதவா. புதுவை ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பே அதற்குத் தக்க கருவூலம். ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாசியாக விளங்கியவர் அவர்.

வரலாற்றுச் சான்று என இந்நூலைப் போற்றுவோர் பலர். உரைநடை இலக்கியமாக மதிப்போர் சிலரே. கப்பல் வரவும் துணி வாணிகமும், திருமணமும் சோதிடமும் இதில் ஒருங்கே இடம்பெறுகின்றன. பேச்சுத் தமிழோடு பாரசீக, போர்த்துக்கீசியச் சொற்களும் விரவி வருகின்றன. இலக்கண நோக்கில் இது குறையே. எனினும் அக்காலத் தெருவின் குரல் நம் செவியில் விழுவது இதனாலன்றோ? 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதைக் கூறுமிடத்தில், பதவியிலிருந்தும் தடுக்கவியலாத ஒருவரின் தவிப்பைக் காண்கிறோம்.

தற்புகழ்ச்சி மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. இல்லத்துப் பெண்டிரின் குரல் அரிதாகவே கேட்பது அதனினும் பெருங்குறை.

தெலுங்குப் புலவர் கத்தூரி ரங்ககவி இவர் பெயரால் ‘ஆனந்தரங்க ராட்சந்தமு’ என்னும் யாப்பு நூலை இயற்றினார். இருமொழியும் புழங்கும் சூளூர்பேட்டையில் வாழும் நமக்கு இவர் அயலவரல்லர். நம் பெட்டிகளிலும் பாட்டியரும் அன்னையரும் எழுதிய மடல்கள் உறங்குகின்றன. பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். படிக்கத் தெரிந்தவர் சிலரே. எழுத்தைக் கற்பிக்காவிடில், துபாசியின் ஏட்டில் விடுபட்ட அப்பெண்குரல் நம் இல்லத்திலும் ஊமையாகிவிடும்.