ஓடுகிற சிவப்பு விளக்கு எதைச் சொல்கிறது?

அக்கா மகன் பொறியியல் இரண்டாம் வருஷம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "மாமா, எங்க வீட்டுக் கார்ல முன்னாடி சிவப்பு லைட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடணும். சர்க்யூட் போட்டுக் கொடுங்க" என்றான். கார் பத்து வருஷப் பழசு, சாதாரணச் சின்ன வண்டி. நான் 'நைட் ரைடர்' பைத்தியம் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சாயங்காலத்துக்குள் பிரெட்போர்டில் போட்டு ஓடவிட்டேன். காபி கொண்டுவந்த அக்கா ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு. ஆனா இது எதுக்குடா ஓடுது?" என்றாள். இரண்டு பேருமே முழித்தோம்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விஞ்ஞானப் புனைவில் பார்த்த வண்டியை வீட்டிலேயே மின்னணுச் சுற்றுகளால் செய்து பார்க்கும் ரசிகர் கலை அமெரிக்காவில் நாற்பது வருஷமாக இருக்கிறது. அதைப் பற்றி வருகிற எழுத்தில் பெரும்பாலும் இரண்டே தரம்தான்: ஒன்று "அடடா, அசலைப் போலவே இருக்கிறது", இல்லையென்றால் "வேலையற்ற வேலை". இரண்டுமே விமர்சனம் இல்லை. அக்கா கேட்டதுதான் விமர்சனம்.

முதலில் அந்த விளக்கின் கதை. 'நைட் ரைடர்' 1982 முதல் 1986 வரை என்பிசி தொலைக்காட்சியில் வந்தது. கிட் என்ற பேசும் கார், உண்மையில் 1982ஆம் வருஷத்து போன்டியாக் டிரான்ஸ் ஆம். அதன் மூக்கில் இடம் வலமாக ஓடும் சிவப்பு ஒளி, தொடரை உருவாக்கிய க்ளென் லார்சனின் பழைய சரக்கு. 1978இல் அவர் எடுத்த 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'வில் சைலான் ரோபோக்களின் கண்ணாக ஓடியதும் இதே ஒளிதான். மின்னணு ஆர்வலர்கள் இன்றைக்கும் இந்தச் சுற்றை 'லார்சன் ஸ்கேனர்' என்றே அழைக்கிறார்கள்.

செய்வது சுலபம். ஒரு 555 சில்லு துடிப்பு தரும். 4017 சில்லு ஒவ்வொரு துடிப்புக்கும் தன் பத்துக் கால்களில் ஒன்றாக உயிர் கொடுத்துக்கொண்டே போகும். ஆறு எல்இடிகள் போதும். 1, 2, 3, 4, 5, 6, 5, 4, 3, 2 என்று எண்ணிப் பாருங்கள், சரியாகப் பத்துப் படி. இரண்டு ஓரத்து விளக்குகளுக்கும் ஆளுக்கு ஒரு கால். நடுவில் இருக்கும் நான்குக்கும் ஆளுக்கு இரண்டு கால், அவை மோதிக்கொள்ளாமல் இருக்க எட்டு டயோடு. அவ்வளவுதான்.

ஆனால் ஓடவிட்டுப் பார்த்தால் ஏதோ குறையும். தொடரில் அந்த ஒளிக்கு ஒரு வால் உண்டு. காரணம், அங்கே இருந்தவை இழை பல்புகள். மின்சாரத்தை நிறுத்தினாலும் கம்பி ஆறுவதற்குள் கொஞ்சம் மினுங்கும். எல்இடி சட்டென்று அணைந்துவிடும். அதனால் பிரதி செய்பவர்கள் மைக்ரோகன்ட்ரோலர் வைத்து, ஒவ்வொரு எல்இடியையும் நொடிக்குப் பல நூறு முறை ஏற்றி அணைத்து, அந்த மங்கலைப் போலியாக உண்டாக்குகிறார்கள். பழைய பல்பின் சோம்பேறித்தனத்தைப் புதிய சில்லுக்குப் பாடம் நடத்துகிறார்கள்! உழைப்பு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் உழைப்பு போய்ச் சேருகிற இடத்தைப் பாருங்கள். கதைப்படி அந்த ஒளி காரின் பார்வை, சாலையை அளக்கும் உணரிகளின் வரிசை. பிரதியில் அது எதையும் பார்ப்பதில்லை. கண்ணின் பளபளப்பை வால் வரைக்கும் நகலெடுத்தார்கள், கண்ணை விட்டுவிட்டார்கள்.

இதோடு கிட்டின் குரல்பெட்டியை ஒப்பிடுங்கள். ஆரம்பத்தில் அது வெறுமனே மின்னுகிற ஒரு சிவப்புச் சதுரம்தான். பிறகு மூன்று தூண்களாக மாறி, வில்லியம் டேனியல்ஸின் குரலுக்கு ஏற்றபடி ஏறி இறங்கத் தொடங்கியது. கிட் ஒரு பாத்திரமாக மனதில் நின்றதற்கு ஸ்கேனரை விட இந்தப் பெட்டிதான் காரணம் என்பது என் எண்ணம். ஏனென்றால் குரல் இருந்தால்தான் ஒளி அசைகிறது. வீட்டில் இதைச் செய்ய எல்எம்3915 போன்ற சில்லு போதும். உள்ளே வரும் ஒலி 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் ஒரு விளக்கு கூடுதலாக எரியும். பிரதி என்றாலும் இது பொய் இல்லை. ஒலி நின்றால் விளக்கும் நின்றுவிடுகிறது.

மூன்றாவது உதாரணம், 1985இல் வந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தின் டெலோரியன். கிட்டின் டாஷ்போர்டை வடிவமைத்த மைக்கேல் ஷெஃபி இதிலும் வேலை செய்தவர். கதைப்படி 88 மைல் வேகத்தைத் தொட்டால்தான் காலம் தாண்ட முடியும். அசல் டெலோரியனின் வேகமானியோ 85 மைலோடு முடிந்துவிடும். அக்கால அமெரிக்க விதி அப்படி. அதனால் படத்தில் டாஷ்போர்டின் மேலே தனியாக ஓர் எண்முறை வேகமானி உட்கார்ந்திருக்கிறது. ரசிகர்களில் சிலர் தங்கள் பிரதியில் இதை ஜிபிஎஸ்ஸோடு இணைத்து, வண்டியின் நிஜ வேகத்தையே காட்ட வைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பிரதி வேலை இதுதான். காலம் தாண்டும் பெட்டி எப்படியும் பொம்மைதான், ஆனால் பொம்மைக்குப் பக்கத்தில் இருக்கும் எண் நிஜம். வண்டியில் இல்லாத ஒன்றைக் கற்பனை கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

ஆக, என் அளவுகோல் இது: புனைவு வண்டியின் தோற்றத்தை எவ்வளவு நெருங்கியது என்பதல்ல, அந்த வண்டி தன் ஓட்டுநரோடு வைத்திருந்த உறவை எவ்வளவு நெருங்கியது என்பதே கேள்வி. கிட் மைக்கேலிடம் பேசியது, எச்சரித்தது, சமயத்தில் கோபித்துக்கொண்டது. எல்லா விளக்கும் அந்தப் பேச்சின் பகுதி.

"சரிங்க, ஜாலிக்குச் செய்யுறதுக்கு இவ்வளவு கணக்கா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். வாசல் கோலத்தை யாரும் "இது எதற்கு உபயோகம்" என்று கேட்பதில்லை. நிறுத்தி வைத்துப் பார்க்கிற வண்டியில் விளக்கு வெறும் அலங்காரமாக இருந்தால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஆனால் ஓடுகிற வண்டியின் டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்தால் ஓட்டுநர் அதைப் படிப்பார். படிக்க ஒன்றும் இல்லாத விளக்குகள் நாலைந்து எரிந்துகொண்டிருந்தால், நிஜமாகவே ஆயில் விளக்கு எரிகிற அன்றைக்கு அது கண்ணில் படாது. அலங்காரத்துக்கும் கூலி உண்டு, அதைக் கொடுப்பது ஓட்டுநரின் கவனம்.

சாதாரணக் காரில் இதைச் சரியாகச் செய்ய இன்று நல்ல வழி இருக்கிறது. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் ஓபிடி-2 இணைப்பு கட்டாயம்; இங்கும் அண்மைக் கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே அந்தப் பதினாறு ஊசித் துளை இருக்கும். அதில் கேட்டால் இன்ஜினே பதில் சொல்லும். குளிர்நீரின் வெப்பம் ஒரே பைட்டாக வரும், 40ஐக் கழித்தால் செல்சியஸ். இன்ஜின் சுழற்சி இரண்டு பைட்டாக வரும். முதலாவதை 256ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டி, 4ஆல் வகுக்க வேண்டும். கிட்டுக்குக் கற்பனையில் இருந்த நாக்கு, நம் மாருதிக்கும் ஹூண்டாய்க்கும் நிஜமாகவே இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

செய்யப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. கார் பேட்டரியை 12 வோல்ட் என்று நம்பாதீர்கள். இன்ஜின் ஓடும்போது 14 இருக்கும், திடீர் உச்சங்கள் அதைவிடப் பல மடங்கு போகும். அதற்குத் தடுப்பு வேண்டும், ஃப்யூஸ் பேட்டரிக்கு மிக அருகில் வேண்டும். தள்ளி வைத்தால் இடையில் இருக்கும் கம்பிக்குக் காவல் இல்லை. அடுத்தது, அந்தத் துளையின் 16ஆவது ஊசியில் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் இருக்கும். வெறும் 50 மில்லி ஆம்பியர் இழுக்கிற பெட்டியை மாட்டிவிட்டு இருபது நாள் ஊருக்குப் போனால் 24 ஆம்பியர்-மணி காலி. சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி அதற்குப் பிறகு வண்டியைக் கிளப்பாது. கோடி ரூபாய்ச் சூப்பர் கார் கனவு, பக்கத்து வீட்டுக்காரரைத் தள்ளச் சொல்லுவதில் முடியும்.

முன்பக்கச் சிவப்பு விளக்கு சட்டப்படியும் ஆகாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் அதைத் தடுக்கின்றன. கலிபோர்னியாவிலும் சாதாரண வண்டிக்கு அனுமதி இல்லை. அங்கே கிட் பிரதி வைத்திருப்பவர்களும் சாலையில் ஸ்கேனரை அணைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. இரண்டு நாள் கழித்து அவனே ஒரு யோசனையோடு வந்தான். ஆறு விளக்கும் டாஷ்போர்டுக்குள், மங்கலாக. இன்ஜின் சூடாகும்வரை மெதுவாக ஓடும், சூடானதும் அணைந்துவிடும். வெப்பம் 105 டிகிரியைத் தாண்டினால் ஆறும் சேர்ந்து எரிந்து, அசையாமல் நிற்கும். அந்த வண்டியில் வெப்பமானி முள்ளே கிடையாது, ஒரு சின்ன எச்சரிக்கை விளக்கு மட்டும்தான். அதனால் இது உண்மையிலேயே புதுச் செய்தி. வால் வேண்டும் என்று அடம்பிடித்தான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், வால் எனக்கும் பிடிக்கும்.

இப்போதைக்கு எல்லாம் மேசை மேல்தான், கணினியிலிருந்து பொய்யான வெப்ப எண்களைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கிறோம். வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் அக்காவைக் கூப்பிட்டு இன்னொரு தடவை அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்ல வேண்டும்.